வாசகர் கேள்வி – பதில்: குடியை நிறுத்துவதற்காகக் கூடும் கூட்டங்கள்

குடியிலிருந்து மீள்வதற்காகக் கூடும் குழுக்களைப் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்திருக்கிறோம். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கி, கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

என்ரை மனுசனுக்கு 46 வயது. வேலை முடிய ஒவ்வொரு நாளும் அரைப் போத்தல் சாராயம். விடியக் கை நடுங்கும், ஒரு வாய் எடுத்தால்தான் நிக்கும். போன கிழமை தானாகவே, “விடப்போறன், ஏதோ கூட்டம் இருக்காம், விசாரி” எண்டார். எங்கை விசாரிக்கிறது?
– வாசகி, கோண்டாவில்

கூட்டத்துக்கு முதல் வைத்தியர். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

விடியக் கை நடுங்குவதும் குடித்தால் அது நிற்பதும், உடம்பு மதுசாரம் இல்லாமல் இயங்க மறந்துவிட்டதன் அடையாளம். இப்படியானவர் “இண்டையோட சரி” என்று வீட்டுக்குள் படுத்துவிட்டால், கடைசிக் குடியிலிருந்து 6 தொடக்கம் 12 மணித்தியாலத்துக்குள் நடுக்கம், வியர்வை, ஓங்காளம், பதற்றம் தொடங்கும். முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சியைக் கையால் தட்டுவார்கள், பெற்ற பிள்ளையை ஆரென்று கேட்பார்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலை. “குடியைத் திடீரெண்டு விட்டால் ஆள் முடிஞ்சிடும்” என்று ஊரில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி ஒருவரும் சொல்லாதது: வைத்தியரின் கண்காணிப்பில் விட்டால் அந்த ஆபத்தைத் தடுக்கலாம்.

யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு உண்டு. அரச வைத்தியசாலை, கட்டணம் இல்லை. போகும்போது இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, வேறு என்ன மருந்து எடுக்கிறார். அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அரைப் போத்தலைக் “கால்” என்று சொன்னால் மருந்தும் அந்தக் கணக்கில்தான் தீர்மானிக்கப்படும். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் வைத்தியசாலை விடுதியில் தங்கித்தான் விட வேண்டும். வழக்கமாக நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைக் கூடிய அளவில் தொடங்கி 5 தொடக்கம் 7 நாளில் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே விற்றமின் பி1 கொடுப்பார்கள். பல வருடம் குடித்தவரின் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், அது இல்லாமல் மூளை நிரந்தரமாகப் பழுதாகலாம். அந்த நடுக்க மாத்திரையைப் பாமசியில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அதற்கு மேலே அவர் குடித்தாரென்றால் மூச்சு அடங்கிப்போகலாம். வீட்டில் வலிப்பு வந்தால் 1990 அம்புலன்ஸ்.

இனிக் கூட்டம். நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் அல்ககோலிக்ஸ் அனொனிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. பெயரை வெளியில் சொல்லாத குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு அது. பெயர்ப்பலகை தொங்கவிட்டு நடத்த மாட்டார்கள், அதனால்தான் தேடுவது சிரமமாகத் தெரிகிறது. கிளினிக்கிலேயே, வைத்தியரைப் பார்த்த பிறகு, அங்குள்ள சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். எந்தக் குழு இப்போது உயிரோடு இருக்கிறது, எது நின்றுபோனது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. ஏ.ஏ.க்கு “மீட்டிங் கைட்” என்று ஒரு கைத்தொலைபேசிச் செயலி இருக்கிறது. ஆனால் செயலியில் பழைய நேரமே கிடந்து, போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருப்பது உண்டு. முதல் நாளே பூட்டிய கதவைக் கண்டவர் இரண்டாம் தரம் வெளிக்கிட மாட்டார். ஆகவே போக முதல் நாள் தொடர்பு இலக்கத்துக்கு அழைத்து, இந்தக் கிழமை கூட்டம் உண்டா, தமிழில் நடக்குமா, எந்த வாசலால் வருவது, வீட்டுக்காரரும் வரலாமா என்று கேட்டுவிடுங்கள். “திறந்த கூட்டம்” என்றால் நீங்களும் கூட இருக்கலாம். “மூடிய கூட்டம்” என்றால் குடியை விட விரும்புகிறவர் மட்டும்.

நான் ஆசிரியர். பள்ளிக்கூடத்திலை ஒருத்தருக்கும் தெரியாது. கூட்டத்துக்குப் போனால் தெரிஞ்ச ஆக்கள் இருப்பினம். என்ரை மாணவற்றை தகப்பன் இருந்தால் என்ன செய்யிறது? அங்கை போய் எல்லாத்தையும் சொல்லவேணுமோ?
– வாசகர், நெல்லியடி

மாணவரின் தகப்பன் இருந்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே இருக்கிறார். நீங்கள் அவரைக் கண்டது போலவே அவரும் உங்களைக் கண்டிருக்கிறார், இருவருக்கும் காக்க வேண்டிய ஒரே விடயம் இருக்கிறது. ஆனாலும் உங்கள் பயத்தை வீண் பயம் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. ஓட்டோ நிற்கும் சந்தியில் யார் எந்தப் படலைக்குள் போகிறார் என்று கணக்கெடுக்கும் ஊர் நமது. ஆகவே உங்கள் ஊர்க் குழுவைத் தேடாதீர்கள். நெல்லியடியில் இருப்பவர் யாழ்ப்பாணம் நகரத்துக்கோ சாவகச்சேரிப் பக்கமோ போகலாம். நகரத்தில் பஸ் நிலையத்தைச் சுற்றி ஆயிரம் அலுவல் இருக்கிறது, ஒருவர் எந்தக் கட்டடத்துக்குள் போனார் என்று ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

உள்ளே நடப்பது இதுதான். வட்டமாகக் கதிரைகள். நடத்துகிறவர் ஒரு தாளிலிருந்து முன்னுரை வாசிப்பார். அவரும் குடிநோயாளிதான், சம்பளத்துக்கு வந்தவர் அல்ல. பதிவேடு இல்லை, அடையாள அட்டை கேட்பதில்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. வேறு பெயர் சொன்னாலும் ஒருவரும் ஆராய மாட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக மூன்று, நாலு நிமிடம் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் இடைமறிப்பதோ புத்தி சொல்வதோ இல்லை. நம் வீடுகளில் குடிக்கிறவருக்குக் கிடைக்காத ஒன்று அது, அதற்காகவே திரும்பி வருகிறவர்கள் உண்டு. உங்கள் முறை வந்தால் “இண்டைக்குக் கேட்கத்தான் வந்தனான்” என்று சொன்னால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். பத்துக் கூட்டம் அப்படியே இருந்தாலும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு பையோ தகரமோ சுற்றி வரும். அறை வாடகைக்கும் தேத்தண்ணிக்கும் அங்கத்தவர் போடும் காசு அது. புதியவர் போடத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் ஒன்றரை.

பத்து நிமிடம் முந்திப் போங்கள். பிந்திப் போனால் எல்லாத் தலையும் வாசலுக்குத் திரும்பும், உங்களுக்குப் பயமே அதுதானே. முடிந்தவுடன் ஓடிவராமல் இன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள். யாருடைய இலக்கம் இரவு 8 மணிக்குத் தேவைப்படும் என்பது அந்தத் தேத்தண்ணி நேரத்தில்தான் தெரியவரும்.

இரண்டு எச்சரிக்கை. “இங்கே கேட்டது இங்கேயே” என்பது அங்கத்தவர் காக்கும் ஒழுக்கம், சட்டம் அல்ல. வழக்கு, விபத்து, காசு மோசடி போன்ற எதுவும் இருந்தால் அதைக் கூட்டத்தில் அவிழ்க்காமல் சட்டத்தரணியிடம் பேசுங்கள். அடுத்தது வட்ஸ்அப். குழுவில் உங்களைச் சேர்த்தால் உங்கள் இலக்கமும் படமும் எல்லாருக்கும் தெரியும். “சேர்க்க வேண்டாம், தனியாக அழையுங்கள்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இலக்கம் கொடுத்த பிறகு சொன்னால் பெரும்பாலும் பிந்திவிடும்.

கோயிலுக்குப் போற ஆக்கள் நாங்கள். அது வேதக்காரற்றை கூட்டம், மதம் மாத்துவினம் எண்டு மாமி சொல்லுறா. உண்மையோ?
– வாசகி, ஏழாலை

மாமிக்கு அப்படித் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரியும் பொப் ஸ்மித் என்ற வைத்தியரும் தொடங்கியது. அவர்கள் பழகிய வட்டம் கிறிஸ்தவ வட்டம், வாசகங்களில் அந்த வாசம் இன்னும் உண்டு. தேவாலய மண்டபங்களில் கூடுவதும் வழக்கம், ஏனென்றால் கிழமையில் ஒரு நாள் குறைந்த வாடகைக்கு அறை தருபவர்கள் அவர்கள். ஆனால் அமைப்பு எந்த மதத்துக்கும் உரியதல்ல. சேர்வதற்கு ஒரேயொரு நிபந்தனை, குடியை நிறுத்தும் விருப்பம். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த 12 படிகளில், 3ஆம் படியிலும் 11ஆம் படியிலும் கடவுள் என்று வரும் இடத்தில் “நாங்கள் விளங்கிக்கொண்ட விதத்தில்” என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். நல்லூரானை நினைத்துக்கொண்டு இருக்கலாம். கடவுளே இல்லை என்பவர் அந்தக் குழுவையே தன்னிலும் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு கூட்டத்தில் யாராவது மதம் பரப்பினால் அது அந்தக் குழுவின் பிழை, எழுந்து வேறு குழுவுக்குப் போங்கள்.

மகனுக்குத் தெரியாமல் தேத்தண்ணியிலை கலந்து குடுக்க மருந்து இருக்காமே?
– ஒரு தாய், சுன்னாகம்

கலக்க வேண்டாம், அம்மா. நீங்கள் கேள்விப்பட்டது டைசல்பிராம் என்ற மருந்து. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, தலை இடித்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சடுதியாக இறங்கும். இருதயம் பலவீனமானவர் இறக்கவும் கூடும். தெரிந்து எடுப்பவர் அந்தப் பயத்தால் குடிக்காமல் இருப்பார், மருந்து வேலை செய்வதே அப்படித்தான். தெரியாமல் எடுப்பவருக்குப் பயம் ஏது? அவர் குடிக்கத்தான் போகிறார். பிறகு ஒருநாள் விஷயம் தெரியவந்தால், உங்கள் கையால் தரும் தேத்தண்ணியையும் அவர் தொட மாட்டார்.

அவர் சம்மதித்தால் அதே மருந்து நல்ல துணை. வைத்தியர் ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, கடைசியாகக் குடித்து ஆகக்குறைந்தது 24 மணித்தியாலம் கழித்துத் தொடங்குவார். தினமும் காலையில் உங்கள் முன்னால் விழுங்குவதாக அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். நிறுத்தி 14 நாள் வரைக்கும் அதன் வேலை இருக்கும். அந்தக் காலத்தில் அரிஷ்டமும் ஆகாது. தசமூலாரிஷ்டம் போன்றவற்றில் நொதித்து உண்டான மதுசாரம் இருக்கிறது. சில இருமல் பாணிகளிலும் உண்டு, போத்தலைத் திருப்பி வாசித்துப் பாருங்கள்.

நான் ரொறொன்ரோவில் இருக்கிறேன். தம்பி ஊரில் குடிக்கிறான். மாதா மாதம் காசு அனுப்புவது நான்தான். அவன் இணையவழிக் கூட்டத்தில் சேரலாமா? காசை நிறுத்தவா?
– வாசகர், கனடா

சேரலாம். தமிழ்நாட்டுக் குழுக்கள் சூம் வழியாகத் தமிழில் கூட்டம் நடத்துகின்றன. இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒன்றுதான் என்பதால் தம்பிக்கு நேரக் குழப்பம் இல்லை. நீங்களும் திறந்த கூட்டமொன்றைக் கேட்க விரும்பினால், யாழ்ப்பாணத்தில் பின்னேரம் 7 மணி உங்களுக்குக் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. உள்ளே நுழைய முன் தம்பி சூமில் பெயரை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கைத்தொலைபேசியில் பதிந்திருக்கும் முழுப்பெயர் எல்லாருடைய திரையிலும் தெரியும். காணொளியை நிறுத்தி வைக்கலாம், டேட்டாவும் மிஞ்சும். காதுக்குள் இயர்போன் கட்டாயம், வீட்டுக்காரர் கேட்பது மற்றவர்களின் கதையையும்தான். ஆனால் இணையவழிக் கூட்டத்தில் ஒரு குறை உண்டு. படுக்கையில் கிடந்தபடி, ஒலியை நிறுத்திவிட்டு, மற்றக் கையில் போத்தலோடும் இருக்கலாம். ஒரு கதிரையில் மேசைக்கு முன் இருந்து, ஒரு தரமாவது வாய் திறந்து பேசினால்தான் அது கூட்டமாகும். முடிந்தால் கிழமையில் ஒன்றாவது நேரில்.

காசை முழுதாக நிறுத்தினால் தம்பியின் பிள்ளைகள்தான் முதலில் பட்டினி கிடப்பார்கள். நிறுத்த வேண்டியது அவர் கையில் விழும் காசை. ரியூசன் காசை ரியூசன் வாத்தியாருக்கும், மளிகையைக் கடைக்காரருக்கும், மிச்சத்தை அவர் மனைவியின் கணக்குக்கும் அனுப்புங்கள். கடன் அடைக்க என்று கேட்டால் கடன் கொடுத்தவரோடு நீங்களே பேசுங்கள். இதை ஒளித்துச் செய்யாமல், “இனி இப்படித்தான் அனுப்புவன்” என்று தம்பி வெறியில்லாத ஒரு காலையில் அவருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

உங்களுக்கும் ஒரு கூட்டம் உண்டு. அல்-அனொன் என்பது குடிப்பவரின் குடும்பத்தாருக்கானது, 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிசும் தோழி ஒருவரும் தொடங்கியது. தம்பி கூட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம். தம்பியின் மனைவிக்கும் சொல்லுங்கள். வீட்டில் அடி உதை இருந்தால் அவர் அழைக்க வேண்டியது 1938, பெண்களுக்கான இலக்கம்.

மூண்டு மாதம் தொடாமல் இருந்தன். ஒரு செத்தவீட்டிலை ராத்திரி முழுக்க இருந்து, விடியப்புறம் குடிச்சிட்டன். பிறகு நாலு நாள். இனிக் கூட்டத்துக்குப் போக முகமில்லை.
– வாசகர், மானிப்பாய்

இந்தக் கிழமைக் கூட்டத்துக்கே போங்கள், முதல் ஆளாக இதைச் சொல்லுங்கள். அந்த அறையில் இருப்பவர்களில் ஒரே தரத்தில் விட்டவர்கள் அரிது. நீங்கள் தலை குனிந்து சொல்வதைக் கேட்டு ஒருவரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். வராமல் விடுவதுதான் அவர்களுக்குக் கவலை. நாட் கணக்கை முதலாம் நாளிலிருந்து எண்ண வேண்டிவரும், ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஈரல் ஆறியதும் நீங்கள் கற்றதும் அழியவில்லை.

நாலு நாள் தொடர்ந்து குடித்ததால் உடம்பைப் பாருங்கள். நிறுத்தியதும் நடுக்கமும் வியர்வையும் வந்தால் மறுபடி கிளினிக். இன்னொன்று, மூன்று மாதம் விட்டவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு தாங்கிய அரைப் போத்தல் இப்போது உயிரையே எடுக்கலாம்.

செத்தவீட்டை விளக்கமாகப் பார்ப்போம், இனியும் வரப்போகிறது. இரவு முழுக்க நித்திரை இல்லை, சரியான சாப்பாடு இல்லை, துக்கம், சுற்றிவர ஆட்கள் இருந்தும் தனிமை. பசி, கோபம், தனிமை, களைப்பு என்று மீள்பவர்கள் எண்ணிப் பார்க்கும் நாலில் ஆகக்குறைந்தது மூன்று ஒரே இரவில் உங்கள் மேல் வந்திருக்கிறது. பந்தலுக்குப் பின்னால், வேலிக்கரையில், பிளாஸ்ரிக் கோப்பையோடு நிற்கும் கூட்டத்துக்குள் ஒருவர் “மச்சான், ஒரு சொட்டு” என்று நீட்டும்போது உங்களிடம் சொல்வதற்கு ஒரு சொல்லும் தயாராக இருக்கவில்லை. அடுத்த தரம் பகலில் போங்கள். கிரியை முடிய வெளிக்கிடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உறவுக்கடமை என்று இரவு தங்கத்தான் வேண்டுமென்றால் தேத்தண்ணி போடும் பக்கம் நின்று வேலை எடுங்கள், கையில் எப்போதும் ஒரு கோப்பை இருக்கும். நீட்டினால் “மருந்து எடுக்கிறன், ஒத்துக்காது” என்ற ஒரு வசனம், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். போக முதலும் வந்த பிறகும் குழுவில் ஒருவருக்கு அழையுங்கள்.

அப்படி நிரந்தரமாக அழைக்கும் ஒருவரை ஏ.ஏ.யில் ஸ்பொன்சர் என்பார்கள். ஒரு வருடமாவது குடிக்காமல் இருப்பவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். அவரிடம் கைமாற்றுக் காசு கேட்காதீர்கள், அவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். காசு நடுவில் வந்தால், குடித்துவிட்ட அன்று அவரை அழைக்க உங்களுக்குக் கை வராது.

எங்கடை பக்கம் குழு ஒண்டுமில்லை. நானும் இன்னொருத்தரும் ஒரு வருசமாக் குடிக்காமல் இருக்கிறம். நாங்களே தொடங்கலாமோ?
– வாசகர், தென்மராட்சி

இரண்டு பேர் போதும். குடிக்காமல் இருக்கும் நோக்கத்தோடு இரண்டு குடிநோயாளிகள் கூடி, வேறெந்த அமைப்போடும் கட்டுப்படாமல் இருந்தால் அது ஏ.ஏ. குழு. யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

அறை: சனசமூக நிலையம் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் பத்திரிகை வாசிக்க வருபவர் ஜன்னலால் பார்ப்பார். சிறு வாடகைக்கு ஒரு ரியூசன் கொட்டிலோ மண்டபத்துப் பின் அறையோ மேல். கதவு றோட்டைப் பார்க்காமல் இருந்தால் நல்லது. ஆறு கதிரை, ஒரு கேத்தில், சீனி, தேயிலை, கோப்பை. முன்னுரையும் கூட்ட ஒழுங்கும் எழுதிய ஒரே ஒரு தாள், யார் நடத்தினாலும் அதையே வாசிக்க.

நாளையும் நேரத்தையும் ஒரு தரம் தீர்மானித்தால் ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள். திருவிழா, கலியாணம் என்று இரண்டு கிழமை மாற்றினாலே ஆட்கள் தவறிவிடுவார்கள். நல்லூரைச் சுற்றி அறை எடுக்கிறவர்கள் 25 நாள் திருவிழாவையும் மூடும் வீதிகளையும் முதலே யோசிக்க வேண்டும், உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. போயா நாளில் மதுக்கடை பூட்டு என்பதால் முதல் நாள் பின்னேரம் வாங்கி வைப்பவர்கள் உண்டு. முடிந்தால் அந்தப் பின்னேரம் மேலதிகமாக ஒரு கூட்டம் வையுங்கள்.

குழுக்கள் உடைவது பெரும்பாலும் குடியால் அல்ல. ஒருவர் தலைவராகிவிடுவார், கூட்டம் பிரசங்கமாகிவிடும். ஆகவே நடத்தும் முறை கிழமைக்கு ஒருவராகச் சுற்றட்டும். யாராவது நல்லெண்ணத்தில் கதிரை வாங்கித் தந்து, பதாகை பிடித்துப் படமெடுத்து முகநூலில் போடுவார். அடுத்த கிழமை ஒருவரும் வர மாட்டார்கள். வெளியாரின் நன்கொடை வேண்டாம் என்று ஏ.ஏ. வைத்திருக்கும் விதி இதற்காகவே. தகரத்தில் விழும் காசுக்குள் தேத்தண்ணியை அடக்குங்கள்.

நாள், நேரம், ஒரு இலக்கம் மட்டும் எழுதிய சிறு அட்டைகளைச் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையிலும் பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் கொடுங்கள். அந்த இலக்கத்துக்கு ஒருவர் எப்போதும் பதில் சொல்ல வேண்டும். திறப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும். முதல் மாதம் நீங்கள் இரண்டு பேர் மட்டுமே இருக்கக்கூடும். அப்போதும் நேரத்துக்குக் கதவைத் திறந்து, கேத்திலை வைத்து, தாளை வாசித்து, ஒரு மணித்தியாலம் முழுதும் இருந்துவிட்டுப் பூட்டுங்கள். அட்டையை வாங்கிய ஒருவர் வெளிச்சம் எரிகிறதா என்று சைக்கிளில் இரண்டு தரம் கடந்து போயிருப்பார்.